நாற்பது நொடி இருட்டு

பிப்ரவரி 8

அன்புள்ள அடிஸ்கேல் அண்ணனுக்கு,

முதலில் சட்டம், அப்புறம் பாசம். உன் வழக்கப்படியே ஆரம்பிக்கிறேன்.

உங்கள் கேம் விழாவுக்கு விளையாட்டு அனுப்பியவர்களோடு, பட்டியல் வெளியாகும்வரை, விழா அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள் போனில் பேசக்கூடாது, மெசேஜ் அனுப்பக்கூடாது, மெயில் எழுதக்கூடாது. உங்கள் விதிமுறையை இரண்டு தடவை படித்தேன். காகிதம், பேனா, தபால்தலை பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. இவ்வளவு பெரிய ஓட்டையை விட்டுவிட்டு அதற்கு 'ஒழுங்குமுறை' என்று பெயர் வேறு. ஒழுகுமுறை என்று மாற்றிவிடுங்கள்.

அம்மா ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் 'தொண்டையில சின்னதா ஒரு ஆபரேஷன்' என்று சொல்லியிருப்பாள். அம்மாவுக்கு எல்லாமே சின்னதுதான். அடுப்படியில் தீப்பிடித்தபோதும் 'சின்னதா எரியுது' என்றுதான் கூப்பிட்டாள். இது சின்னது இல்லை அண்ணா. குரல்வளையை முழுசாக எடுத்துவிடப் போகிறார்கள். மார்ச் இருபதாம் தேதி. அதற்குப் பிறகும் அப்பா மூச்சு விடுவார், சாப்பிடுவார், என் காதைத் திருகுவார். பேசத்தான் மாட்டார்.

விழா மார்ச் 14, 15, 16. நடுவில் சரியாக மூன்று நாள் மிச்சம்.

நீ ஊரைவிட்டுப் போன பிறகு நானும் அப்பாவும் செய்கிற விளையாட்டு நிறைய மாறிவிட்டது. அதைத்தான் அனுப்பியிருக்கிறேன். இப்போது விளையாடுகிறவர்தான் புது கண்டக்டர். பஸ்ஸில் கூட்டம். பழைய கண்டக்டர் கூடவே வந்து காதில் பேசிக்கொண்டே இருப்பார். அது அப்பா. முப்பது வருஷம் பஸ்ஸில் பேசியதையெல்லாம் மேசை மைக் முன்னால் உட்காரவைத்து மறுபடி பேசவைத்தேன். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு வரி. 'முன்னாடி ஏறுனவங்க பின்னாடி போங்க, பின்னாடி ஏறுனவங்க முன்னாடி போங்க, நடுவுல நிக்கறவங்க நடுவரா இருங்க' என்பது அதில் எண் பதினேழு.

எனக்குப் பரிசு வேண்டாம். தேர்வாகும் பத்தில் ஒன்றாக இருந்தால் போதும். அரங்கில் ஒரு மேசை கிடைக்கும். யாரோ ஒருவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சிரிப்பார். பின்னால் நிற்கிற அப்பா அதே குரலில் 'என்ன சார், டிக்கெட் எடுத்தாச்சா?' என்று கேட்பார். அந்த ஆள் திரும்பிப் பார்ப்பார் இல்லையா, அந்த முகத்தை அப்பா பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு ஏதாவது பதிலுக்குச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு ஆள் போதும்.

சிபாரிசு கேட்கவில்லை. கேட்டால் நீ தபால்பெட்டியையே போலீஸில் பிடித்துக் கொடுப்பாய். விஷயம் உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

உன் வாலு


பிப்ரவரி 12

வாலுக்கு,

இந்தக் கடிதமும் விதிமீறல்தான். விதியை எழுதியபோது காகிதத்தை யோசிக்காமல் விட்டது என் தவறு. அதை எழுதியவன் நான்தான்.

அம்மா எனக்கு ஆபரேஷன் பற்றி எதுவும் சொல்லவில்லை. போன ஞாயிறு போனில் அப்பாவிடம் பேசினேன். அவர் பேசவில்லை, கரகரத்தார். 'ஜலதோஷமாப்பா?' என்றேன். 'ஆமாண்டா' என்றார். நானும் நம்பினேன். உன் கடிதத்தை அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன்.

உனக்குச் சில விஷயங்கள் தெரியவேண்டும். இந்த விழா ஒன்றும் பெரிய நிறுவனம் இல்லை. பூட்டிக் கிடக்கும் ஒரு மரச்சாமான் கடைக்கு மேலே மூன்றாவது மாடி, நாங்கள் நான்கு பேர், இருபத்தாறு பழைய கணினிகள். பரிசு கொடுப்பது ஒரு பெரிய கேம் கம்பெனி. ஹெட்போன் கொடுப்பது ஒரு ஹெட்போன் கம்பெனி. நாற்காலி கொடுப்பது ஒரு நாற்காலி கம்பெனி. யார் எதை விற்கிறார்களோ அதைக் கொடுக்கிறார்கள். மிச்சத்துக்கு எங்கள் முதுகெலும்பு.

போன வருஷம், விழாவைத் தொடங்கியவர்களில் ஒருவர் தன் மைத்துனனின் விளையாட்டைப் பட்டியலில் நுழைத்துவிட்டார். விஷயம் வெளியே வந்ததும் இரண்டு கம்பெனிகள் போயின. அதைவிட மோசம், தன் அறையில் தனியாக உட்கார்ந்து விளையாட்டு செய்கிற பிள்ளைகள், 'இங்கயும் ஆள் தெரிஞ்சாத்தானா?' என்று எழுதினார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் நான் அந்த விதியை எழுதினேன். செய்தவரைத் தெரிந்தவர்கள் அந்த விளையாட்டு ஓடும்போது அறையில் இருக்கக்கூடாது. வாய் திறக்கக்கூடாது.

அதனால் உன் முறை வரும்போது நான் வெளியே போய்விடுவேன்.

ஆனால் ஒன்று. நான் ஊரில் இருந்தபோதே நீ போட்டுக் காட்டினாயே, எட்டாவது நிமிடத்தில் திரை இருண்டு நாற்பது நொடி எதுவுமே நடக்காது, அந்த இடம். நடுவர்கள் ஒரு நாளைக்கு இருபது விளையாட்டு பார்க்கிறார்கள். பாதி விளையாட்டுகள் நிஜமாகவே அப்படித்தான் செத்துப்போகும். விண்ணப்பத்தில் 'தெரிந்த குறைகள்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'இருட்டு வேண்டுமென்றே வைத்தது, காத்திருக்கவும்' என்று எழுதிவிடு. திருத்தம் அனுப்ப இருபதாம் தேதிவரை எல்லோருக்கும் அவகாசம் இருக்கிறது. விதியில் இருப்பதைத்தான் சொல்கிறேன். தயவுசெய்து எழுது.

அண்ணன்


பிப்ரவரி 16

அன்புள்ள ஒழுங்கு அண்ணனுக்கு,

எழுத மாட்டேன்.

அந்த இருட்டு என்னுடையது இல்லை, அப்பாவுடையது. மேட்டுப்பாதை ஏறும்போது அவரும் டிரைவர் மாமாவும் பேசிவைத்துக்கொண்டு வண்டியை நிறுத்தி விளக்கை அணைப்பார்களே. நீ ஜன்னல் ஓரம், நான் உன் மடியில். எல்லோரும் 'போச்சுடா' என்று முனகி, ஒருவர் டிரைவரைத் திட்டி, ஒருவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கும் நேரத்தில் இருட்டுக்குள்ளிருந்து அப்பா குரல் வரும். 'யாரும் இறங்காதீங்க. வண்டி நிக்கல, யோசிக்குது.' மொத்த வண்டியும் சிரிக்கும். திட்டியவர்தான் அதிகமாகச் சிரிப்பார்.

விளையாட்டில் அது நாற்பதாவது நொடி. முன்னாலேயே காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தச் சிரிப்பு வருமா? நீயே சொல். கிச்சுகிச்சு மூட்டுவதற்கு முன்னால் யாராவது நோட்டீஸ் ஒட்டுவார்களா?

அப்பாவிடமும் கேட்டேன். இப்போது ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை மூச்சு வாங்குகிறார்.

"நாப்பது நொடிகூட உக்கார மாட்டாங்களா? கேம் பாக்கறதுதானே அவங்க வேலை?"

"பெரிய பெரிய ஆளுங்கப்பா. கம்பெனிக்காரங்க."

"பெரிய ஆளுங்கதான் என் வண்டில அதிகமா சிரிப்பாங்க. வீட்டுல சிரிக்க முடியாதுல்ல."

'தெரிந்த குறைகள்' கட்டத்தில் நான் ஏற்கெனவே 'எங்க அப்பாவின் மூக்கு. மற்றபடி ஒன்றுமில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டேன். படித்துக் காட்டியதும் அப்பா சிரிக்கப் போய் இருமலாகி, அம்மா ஓடிவந்து எனக்கு ஓர் அடி கொடுத்தாள். சின்ன அடிதான்.

விழாவுக்குப் போட்டுக்கொள்ள அப்பா சட்டை தேய்த்து வைத்திருக்கிறார். பட்டியல் வருவதற்கு முன்னாலேயே. இதில் நான் எதுவும் செய்வதற்கில்லை.

வாலு


பிப்ரவரி 25

வாலுக்கு,

பட்டியலைப் பார்த்திருப்பாய். நம்முடையது இல்லை. எப்படி நடந்தது என்பதை வேறு யார் வாயாலும் நீ கேட்கக்கூடாது.

இருபத்து மூன்றாம் தேதி மதியம், சாப்பாட்டுக்குப் பின் மூன்றாவதாக உன் முறை வந்தது. நான் 'இதைச் செய்தவரைத் தெரியும்' என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். நடைபாதைக்கும் நடுவர் அறைக்கும் நடுவில் கண்ணாடிக் கதவு. சத்தம் வராது. திரை தெரியும், நான்கு முதுகுகள் தெரியும். பெரிய கம்பெனியிலிருந்து வந்த பெண், கண்ணாடி போட்ட ஓவியர், போன வருஷம் பரிசு வாங்கிய பையன், எங்கள் தலைவி.

ஏழு நிமிடம் நன்றாகப் போனது. பதினேழாவது வரி வந்திருக்க வேண்டும், நான்கு தோள்களும் குலுங்கின. அப்பா அவர்களைச் சிரிக்க வைத்தார், வாலு. அதை நான் பார்த்தேன்.

பிறகு இருட்டு. நான் எண்ண ஆரம்பித்தேன். பத்தில் தலைவி தண்ணீர் குடித்தாள். பதினெட்டில் ஓவியர் கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்தைந்தில் பரிசு வாங்கிய பையன் கீபோர்டைத் தட்டினான். முப்பத்தொன்றில் கம்பெனிப் பெண் மௌஸைப் பிடித்தார். அப்போது என் கை கதவுப் பிடியில் இருந்தது. குளிர்ந்த இரும்பு. கீழே அழுத்தினால் திறந்துவிடும். 'இன்னும் ஒன்பது நொடி' என்று சொன்னால் போதும்.

நான் அழுத்தவில்லை.

முப்பத்து மூன்றில் மூடினார்கள். நடுவர் குறிப்பில் 'குரல் அற்புதம், எட்டாம் நிமிடத்தில் செயலிழக்கிறது, இளம் கலைஞர், அடுத்த முறை முயலலாம்' என்று எழுதியிருக்கிறார்கள்.

அன்றைக்கு இன்னும் ஒன்பது விளையாட்டு இருந்தன. நான் உள்ளே போய் அடுத்ததை ஓட்டினேன்.

அண்ணன்


பிப்ரவரி 28

அடுத்த முறையா?

யாருக்கு அடுத்த முறை?

உன் நம்பரை என் போனில் தடைசெய்துவிட்டேன். அம்மாவிடம் பேசிக்கொள். அப்பாவிடமும் பேசிக்கொள், இருபதாம் தேதிவரை.

அப்பாவிடம் நான்தான் சொன்னேன். 'பரவால்ல விடும்மா, கூட்டம் அதிகமா இருந்திருக்கும், நம்ம வண்டில எடம் இல்லாம நாம எத்தன பேரை விட்டுட்டு வந்திருக்கோம்' என்றார். அதைச் சொல்லி முடிக்க நான்கு தடவை மூச்சு வாங்கினார். பிறகு எழுந்துபோய் அந்தச் சட்டையை மடித்து அலமாரியில் வைத்தார். தேய்த்த மடிப்பு கலையாமல்.

நாங்கள் என்ன கேட்டோம்? ஒன்பது நொடி. அலமாரி அலமாரியாக நேர்மை வைத்திருக்கிறாயே, ஒன்பது நொடி அதில் குறைந்தால் யாருக்குத் தெரியும்? நேர்மை என்று நீ சொல்வது வெறும் நேர் மைதான். கோடு போட மட்டும்தான் லாயக்கு.

இதற்குப் பதில் எழுதாதே.


மார்ச் 4

வாலுக்கு,

எழுதுகிறேன். திட்டிக்கொள்.

பட்டியல் வெளியான மறுநாள் காலையில் தலைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எது சரி, எது தவறு என்று கேட்பதற்காக இல்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் வேலை செய்ய முடியாது போலிருந்தது. அவள் நேராகப் போய், அந்த அறையில் தனியாக உட்கார்ந்து உன் விளையாட்டை முதலிலிருந்து விளையாடினாள். நாற்பதாவது நொடியில் அவள் சிரித்தது அந்தக் கண்ணாடியைத் தாண்டி எனக்குக் கேட்டது. சத்தம் வராது என்று எழுதியிருந்தேன், அது தப்பு.

வெளியே வந்து கேட்டாள். "ஏன்டா கதவைத் திறக்கல?"

"விதி."

"அது நீ எழுதுனதுதானே?"

"அதனாலதான்."

"உன்னை மாதிரி முட்டாள் இருந்தாத்தான் இந்த விழா நடக்கும். உன்னை மாதிரி முட்டாளோட குடும்பம் நடத்த முடியாது. போய் வேலையப் பாரு."

பட்டியலை மாற்ற முடியாது. ஆனால் நேற்று ஹெட்போன் கம்பெனி விலகிவிட்டது. அவர்களை வேறொரு கம்பெனி வாங்கிவிட்டதாம், புது முதலாளிக்கு எங்களைத் தெரியாதாம். அவர்களுக்கு ஒதுக்கியிருந்த மூலை காலியாகக் கிடக்கிறது. கழிவறைக்குப் போகும் வழி. தலைவி சொன்னாள், 'பட்டியல்ல இல்லாத ஒரு மேசை போடறோம். யாருக்கும் போட்டி இல்ல, பரிசு இல்ல. கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்.' நான் கேட்கவில்லை என்பதை நீ நம்ப வேண்டும்.

அலுவலகத்திலிருந்து ஒரு கணினி, என் சொந்த ஹெட்போன், நாற்காலி கம்பெனியின் நல்ல நாற்காலி இரண்டு. ஒன்று விளையாடுகிறவருக்கு. இன்னொன்று அப்பாவுக்கு. பதினான்காம் தேதி காலை பத்து மணிக்குக் கதவு திறக்கும். ரயிலடியில் நான் நிற்கிறேன். அவரைக் கூட்டிக்கொண்டு வா.

அண்ணன்


மார்ச் 13

அண்ணா,

ஆறாம் தேதி அப்பாவுக்கு மூச்சுத் திணறிவிட்டது. இருபதாம் தேதிவரை காத்திருக்க முடியாது என்று ஒன்பதாம் தேதியே செய்துவிட்டார்கள். அம்மா உனக்கு போனில் சொன்னது, நீ கிளம்புகிறேன் என்றது, 'வேலைய முடிச்சிட்டு வா' என்று அப்பா சீட்டில் எழுதிக் காட்டியது எல்லாம் எனக்குத் தெரியும். நான் அந்தக் கட்டில் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே கொண்டுபோவதற்கு முன் அவர் பேசிய கடைசி வாக்கியம் ஜோக் எதுவும் இல்லை. அம்மாவைப் பார்த்து 'கேஸை அணைச்சியா?' என்றார்.

உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன் இல்லையா. அதை எழுதியபோது ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். அம்மாவுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

அப்பா வரி வரியாகப் பேசப் பேச, நான் கணினியில் வெட்டி ஒட்டுவேன். முதல் நூற்றைம்பது வரி கண்ணாடி மாதிரி இருந்தது. பிறகு ஓரத்தில் ஒரு கரகரப்பு வந்தது. நவம்பரில். 'தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்கப்பா, பழைய பஸ் மாதிரி உறுமறீங்க' என்று கிண்டல் செய்தேன். அவரும் உறுமிக் காட்டினார். ஒலியைச் சுத்தம் செய்கிற மென்பொருள் ஒன்று இருக்கிறது. கரகரப்பு இருக்கும் இடத்தைக் கோடுபோட்டுக் காட்டினால் போதும், துடைத்துவிடும். டிசம்பரில் அதிகமானது. அதிகமாகத் துடைத்தேன். ஜனவரியில் ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆனது. எனக்கு அதில் பெருமை வேறு. 'பாத்தீங்களாப்பா, இருபது வயசு குறைச்சுட்டேன்' என்று ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். அவர் கேட்டுவிட்டு, 'எனக்கு ஒண்ணுமில்லபோல இருக்கே' என்றார்.

மூன்று மாதம் அண்ணா. அப்பாவின் நோயை நான் உட்கார்ந்து அழகாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் கேட்டார், 'இவ்வளவு நாள் வீட்டில் யாருமே கவனிக்கலையா?' அம்மா இல்லை என்றாள். நான் அங்கேதான் நின்றேன். இந்த வீட்டில் அந்தக் குரலை என்னளவுக்குக் கவனித்தவர் யாரும் இல்லை.

நீ முப்பத்து மூன்று நொடி சும்மா நின்றாய். அதற்கு உன்னைத் திட்டினேன்.

இன்னும் ஒன்று. நேற்று அப்பா கொஞ்சம் தெளிவாக உட்கார்ந்திருந்தார். சந்தோஷப்படுத்தலாம் என்று லேப்டாப்பைக் கொண்டுபோய் விளையாட்டை ஓட்டினேன். 'உள்ள போங்க, உள்ள போங்க, உள்ளம் பெருசா இருந்தா உள்ள எடம் இருக்கும்' என்று வந்தது. பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். அப்பா கையை நீட்டி லேப்டாப்பை மூடினார். மெதுவாகத்தான் மூடினார். சிலேட்டை எடுத்து 'நிறுத்து' என்று எழுதினார். அதன் கீழே 'விழாவிலயும்' என்று எழுதினார். 'எல்லாத்தையும் அழி' என்று எழுதினார்.

'ஏன்ப்பா?' என்றேன்.

துடைத்துவிட்டு எழுதினார். 'அவன் பேசறான். நான் உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கணுமா?'

இதை உன்னிடம் சொல்லச் சொன்னார். சொல்கிறேன். போனில் சொல்லச் சொன்னாரா என்றால், எப்படி என்று எதுவும் எழுதவில்லை. அதனால் சாதாரணத் தபால்தலை ஒட்டி, மாலைத் தபால்கட்டை எடுத்துப்போன பிறகு பெட்டியில் போடுகிறேன். கணக்குப்படி பதினேழாம் தேதி உனக்குக் கிடைக்கும். விழா பதினாறில் முடிந்துவிடும். நான் அப்பா சொல்லைத் தட்டவில்லை. தபால்துறை மெதுவாக வேலை செய்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

மூன்று நாள். யாராவது கேட்கட்டும் அண்ணா.

வாலு


மார்ச் 16

வாலுக்கு,

உன் கடிதம் பதினேழாம் தேதி வரவில்லை. நேற்றே வந்துவிட்டது. தபால்காரர் அரங்குக்கே கொண்டுவந்து கொடுத்தார். மதியம் பன்னிரண்டு மணி. உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாமா என்று தோன்றியது. உன்னைப் பற்றி எனக்குத் தெரியும். இருந்தாலும் பிரித்தேன்.

முதல் நாள் முப்பத்தொரு பேர் விளையாடினார்கள். நேற்று காலையில் பதினான்கு. கழிவறைக்குப் போகிற வழியில் நின்றவர்கள் போகாமல் வரிசையில் சேர்ந்தார்கள். இருட்டில் ஏழு பேர் எழுந்து போனார்கள். நான் யாரையும் தடுக்கவில்லை. அவர்களில் இரண்டு பேரை, அடுத்து உட்கார்ந்தவரின் சிரிப்பு திரும்பக் கூட்டிவந்தது. நாற்காலி கம்பெனியின் விற்பனையாளர் தன் கடையை விட்டுவிட்டு நான்கு தடவை வந்தார். கல்லூரிப் பெண்கள் இருவர் ஆளுக்கொரு காதில் ஹெட்போனை வைத்துக்கொண்டு கேட்டார்கள். முடிந்ததும் ஒருத்தி, 'இந்தக் குரல் யாரோடது? அவர் வந்திருக்காரா? ஒரு தடவை பேசணுமே' என்றாள். பக்கத்தில் காலி நாற்காலி. நான் 'வரலை' என்றேன்.

கடிதத்தைப் படித்து முடித்தபோது ஒரு பெரியவர் விளையாடிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும்வரை நின்றேன். பிறகு அணைத்துவிட்டேன். வரிசையில் ஆறு பேர் இருந்தார்கள். 'இது முடிஞ்சிடுச்சு' என்றேன். 'நாளைக்கு உண்டா?' என்று ஒருவர் கேட்டார். 'இல்லை' என்றேன். தலைவி தூரத்திலிருந்து கையால் 'என்ன?' என்று கேட்டாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

நீ தபால்பெட்டியோடு போட்ட ஒப்பந்தத்தை நான் கெடுத்துவிட்டேன் என்று தெரியும். ஆனால் குரல் அவருடையது. வேண்டாம் என்று அவர் சொன்னது என் கையில் எழுத்தாக இருந்தது. அதற்கு மேல் அதை ஓட்ட என்னால் முடியவில்லை. இந்தத் தடவை விதி எதுவும் நினைவுக்கு வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மூடிய லேப்டாப் மேல் அவர் கை இருந்திருக்குமே, அதுதான் கண்முன் நின்றது.

நீ துடைத்ததைப் பற்றி. நவம்பரிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் அவரோடு பேசியிருக்கிறேன். துடைக்காத குரல். என் காதுக்குள்ளேயே. அதில் எட்டு வாரம் 'ஜலதோஷமாப்பா' என்று கேட்டேன், எட்டு வாரமும் 'ஆமாண்டா' என்று வந்ததுமே நாற்காலி கம்பெனி பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். நீயாவது அந்தக் கரகரப்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறாய். டாக்டர் கேட்டபோது அங்கே நின்றிருக்க வேண்டியவன் நான்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டாயா? கேட்கக்கூடாதோ என்னவோ. கேட்டுவிட்டேன்.

அண்ணன்


மார்ச் 22

அண்ணா,

அழிக்கவில்லை. 'அழி' என்று எழுதினார், எனக்கு அழத்தான் வந்தது. ஓர் எழுத்து மாறிப்போனதற்கு மன்னிக்கச் சொல்ல வேண்டும். எல்லாம் ஒரே கோப்புறையில் கிடக்கின்றன. துடைத்ததும் துடைக்காததும். திறந்து பார்க்கும் தைரியம் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை.

நீ அணைத்ததற்குக் கோபம் இல்லை. இருந்தது, இரண்டு நாள். பிறகு, நான் உன் இடத்தில் இருந்து அணைக்காமல் விட்டிருந்தால் அப்பா முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று யோசித்தேன். உன்னை ப்ளாக்கிலிருந்தும் எடுத்துவிட்டேன். ஆனால் போன் செய்யாதே. இந்த வீட்டில் போன் அடித்தால் அப்பா பழக்கத்தில் கை நீட்டிவிடுகிறார்.

நேற்று முன்தினம் வீட்டுக்கு வந்துவிட்டார். கழுத்தில் ஒரு துவாரம், அதன் மேல் வெள்ளைத் துணி. எங்களைக் கூப்பிட இரண்டு தடவை கை தட்டுவார். அம்மா அடுப்படியிலிருந்து 'தோ வந்துட்டேன்' என்று கத்துவாள், முன்னெல்லாம் அதற்குப் பதிலாக ஒரு கிண்டல் வருமே, அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருகிறாள்.

இன்று காலை நான் அவருக்குத் தலைவாரிக்கொண்டிருந்தேன். சிலேட்டை எடுத்தார். 'எத்தன பேர்?' என்று எழுதினார்.

எதைக் கேட்கிறார் என்று எனக்குப் புரியாத மாதிரி நடித்தேன். எழுத்தின் அடியில் ஒரு கோடு போட்டார்.

"நாப்பத்தஞ்சு பேர்ப்பா. அப்புறம் அண்ணன் நிறுத்திட்டான், நீங்க சொன்ன மாதிரியே."

'சிரிச்சாங்களா?'

"சிரிச்சாங்கப்பா. ஒரு நாற்காலிக்காரர் நாலு தடவ வந்தாராம். ரெண்டு பொண்ணுங்க உங்ககிட்ட பேசணும்னு கேட்டாங்களாம்."

சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு என் பக்கம் திரும்பினார். கண் ஓரத்தில் அந்தச் சுருக்கம் வந்தது அண்ணா. உனக்குத் தெரியும், ஏதோ சொல்லப்போகிறார் என்றால் முதலில் அதுதான் வரும். வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. துணிக்கு அடியிலிருந்து வெறும் காற்று வந்தது, 'ஹ்' 'ஹ்' என்று. ஒரு வாக்கியம் முழுக்கச் சொன்னார். நடுவில் நிறுத்தி, கடைசிச் சொல்லுக்குப் புருவத்தைத் தூக்கினார். ஜோக்தான். சந்தேகமே இல்லை.

நானூற்றுப் பன்னிரண்டு வரியை வெட்டியவள் நான். எந்த வரியில் எங்கே எச்சில் விழுங்குவார் என்றுகூடத் தெரியும். ஆனால் நான் பார்த்ததெல்லாம் திரையில் ஓடும் ஒலிக்கோடுகளை. அவர் வாயை நான் பார்த்ததே இல்லை.

எனக்கு எதுவும் புரியவில்லை. புரிந்த மாதிரி சிரித்தேன்.

வாழ்நாளெல்லாம் நான் எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறேன். ஹெட்மாஸ்டரை, பக்கத்து வீட்டுக்காரரை, உன்னை. ஆனால் முப்பது வருஷம் ஓடுகிற வண்டியில் ஆளைச் சிரிக்கவைத்தவரிடம் பொய்யாகச் சிரித்துக் காட்டினால் தெரியாமல் இருக்குமா? கண் ஓரத்துச் சுருக்கம் அப்படியே போய்விட்டது. 'எழுதிக் காட்டுங்கப்பா' என்று சிலேட்டை நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை. என் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தலைவாரி முடித்தாயிற்றா என்று கையால் கேட்டார்.

நான் உள்ளே வந்து இதை எழுதுகிறேன். அவர் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். கொஞ்சம் முன்னால் கதவு இடுக்கில் பார்த்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.

வேலை முடிந்துவிட்டது இல்லையா. கிளம்பி வா. பஸ்ஸில் நீதான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வருவாய், நான் ஜன்னலையே பார்ப்பேன். உனக்குப் புரிகிறதா என்று பார்க்க வேண்டும். புரியாவிட்டால் சிரிக்காதே. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேள். நான் அதைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

உன் தங்கை